எஸ்என்பியும் தடயவியலும்: டிஎன்ஏவின் ஓர் எழுத்தை வைத்து ஆளை அடையாளம் காண்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘டிஎன்ஏ பரிசோதனைக்கு அனுப்பப்பட்டுள்ளது’ என்ற வரி இல்லாமல் குற்றச் செய்தியே வருவதில்லை. ஆனால் அந்தப் பெயரில் நடப்பது ஒரே பரிசோதனை அல்ல. அவற்றுள் கடந்த 20 ஆண்டுகளில் தனக்கென ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்ட எஸ்என்பி முறையைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளும் பதில்களும் இவை.

எஸ்என்பி என்பது என்ன?

நம் டிஎன்ஏ ஏ, டி, ஜி, சி என்ற நான்கு வேதி எழுத்துகளால் ஆனது. தாய் வழியில் ஒரு பிரதி, தந்தை வழியில் ஒரு பிரதி. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 300 கோடி எழுத்து நீளம். இந்த எழுத்துவரிசை எல்லா மனிதர்களுக்கும் பெரும்பாலும் ஒன்றுதான். ஆங்காங்கே மட்டும் ஓர் எழுத்து ஆளுக்கு ஆள் மாறும். ஒரே இடத்தில் சிலருக்கு ஏ இருக்கும், சிலருக்கு ஜி இருக்கும். மக்களிடையே ஓரளவு பரவலாகக் காணப்படும் இத்தகைய மாற்றத்துக்கு ஒற்றை நியூக்ளியோடைடு மாறுபாடு என்று பெயர். சுருக்கமாக எஸ்என்பி, ஆய்வகத்தில் ‘ஸ்னிப்’ என்பார்கள். யாருடைய டிஎன்ஏவை எடுத்துப் பொது மேற்கோள் வரிசையோடு ஒப்பிட்டாலும் 40 முதல் 50 லட்சம் இடங்களில் வேறுபாடு தென்படும். அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றால் உடலுக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை.

காவல்துறை வழக்கமாகச் செய்யும் டிஎன்ஏ பரிசோதனையும் இதுதானா?

இல்லை. அது எஸ்டிஆர் முறை. டிஎன்ஏவில் சில இடங்களில் ஒரு சிறு எழுத்துக்கோவை அடுத்தடுத்துத் திரும்ப வரும். 11ஆவது குரோமோசோமில் டிஎச்01 என்று ஓர் இடம் உண்டு. அங்கே ‘ஏஏடிஜி’ என்ற நான்கெழுத்து சிலருக்கு 6 முறை வரும், சிலருக்கு 9 முறை வரும். எத்தனை முறை வருகிறது என்று எண்ணுவதுதான் சோதனை. இப்படிப் பல இடங்களில் எண்ணி ஆளுக்கு ஓர் எண்வரிசை தயாரிக்கிறார்கள். அமெரிக்காவின் கோடிஸ் தரவுத்தளம் 1998இல் 13 இடங்களோடு தொடங்கியது. 2017 ஜனவரி முதல் 20 இடங்கள். அலெக் ஜெஃப்ரீஸ் 1984இல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் கண்டறிந்த டிஎன்ஏ கைரேகை முறையின் வழிவந்ததே இது. இந்தியத் தடய அறிவியல் ஆய்வகங்களின் அன்றாட வேலையும் எஸ்டிஆரில்தான் நடக்கிறது.

அது நன்றாகத்தானே வேலை செய்கிறது? பிறகு எஸ்என்பி எதற்கு?

மாதிரி நன்றாக இருக்கும்வரை எஸ்டிஆருக்கு நிகரில்லை. சிக்கல் மாதிரி கெட்டுப்போகும்போதுதான். வழக்கமான எஸ்டிஆர் கருவித்தொகுப்புகளுக்குச் சுமார் 100 முதல் 450 எழுத்து நீளமுள்ள அறுபடாத டிஎன்ஏ துண்டுகள் வேண்டும். தீ, வெயில், ஈரம், மண்ணிலுள்ள அமிலம், பாக்டீரியா ஆகிய எல்லாம் சேர்ந்து டிஎன்ஏவை நறுக்கிக்கொண்டே இருக்கும். துண்டுகள் 100 எழுத்துக்கும் கீழே போய்விட்டால், திரும்பத் திரும்ப வரும் கோவையின் தொடக்கமும் முடிவும் ஒரே துண்டில் அகப்படாது, எண்ண முடியாது. செல்லரித்த ஏட்டுச் சுவடியில் ஒரு பாட்டு முழுசாகக் கிடைப்பது அரிது, தனி எழுத்துகள் தப்பியிருக்கும் அல்லவா, அதுபோலத்தான். எஸ்என்பிக்குத் தேவை ஓர் எழுத்தும் அதன் இருபுறமும் கொஞ்சம் இடமும். 60, 70 எழுத்து நீளத் துண்டிலேயே வேலை முடிந்துவிடும்.

இதை முதன்முதலாகப் பெரிய அளவில் சோதித்துப் பார்க்கும் நிலை 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு நியூயார்க்கில் வந்தது. உலக வர்த்தக மையத்தில் இறந்தவர்கள் 2,753 பேர். கிடைத்தவை ஏறத்தாழ 20,000 உடல் துண்டுகள். இடிபாடுகளுக்குள் மாதக்கணக்கில் தீ கனன்றுகொண்டிருந்தது; அதன்மேல் தண்ணீரையும் பீய்ச்சினார்கள். டிஎன்ஏ அழிவதற்கு இதைவிடத் தோதான சூழல் வேண்டியதில்லை. 70 எஸ்என்பிகள் கொண்ட ஒரு தொகுப்பு அந்தப் பணிக்கென்றே உருவாக்கப்பட்டது. அன்றைக்கு அது துணைச் சான்றாக நின்றதே தவிர, தனியாகப் பெரிதாகச் சாதித்துவிடவில்லை. துண்டின் நீளத்தைக் குறைத்து வடிவமைத்த எஸ்டிஆர் தொகுப்புகளும், செல்லின் உட்கருவுக்கு வெளியே இருந்து தாய் வழியாக மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவும் அதைவிடக் கூடுதலாகக் கைகொடுத்தன. 20 ஆண்டுகளுக்கு மேலாகியும் இறந்தவர்களில் சுமார் 40 சதவீதத்தினரின் அடையாளம் இன்னும் உறுதியாகவில்லை. ஆனால் வழி எது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

பழைய எலும்புகளில் உண்மையிலேயே பலன் கிடைத்திருக்கிறதா?

கிடைத்திருக்கிறது. எனக்குத் தெரிந்தவரை மிகக் கடினமான சோதனை கொரியப் போரில் இறந்த அமெரிக்க வீரர்களுடைய எலும்புகள்தான். போருக்குப் பிறகு அவை ஜப்பானின் கொக்குரா நகரில் இருந்த அடையாள மையத்துக்குக் கொண்டுவரப்பட்டன. அங்கே எலும்புகள் கெடாமலிருக்க ஃபார்மால்டிஹைடு கலந்த பொடியைத் தூவினார்கள். எலும்பு நிலைத்தது, டிஎன்ஏ சிதைந்தது. அடையாளம் தெரியாத 800க்கும் மேற்பட்டோரை ஹவாயில் ‘பஞ்ச்போல்’ எனப்படும் தேசிய நினைவுக் கல்லறையில் ‘பெயர் அறியப்படாதவர்’ என்று புதைத்தார்கள். பல பத்தாண்டுகள் கழித்துத் தோண்டி எடுத்துப் பார்த்தால், டிஎன்ஏ துண்டுகளைப் பல பிரதிகளாகப் பெருக்கும் வழக்கமான பிசிஆர் முறை எதற்கும் அந்த எலும்புகள் பிடிகொடுக்கவில்லை.

டெலவேர் மாநிலத்து டோவரில் இருக்கும் ராணுவ டிஎன்ஏ ஆய்வகம் வேறு வழியில் போனது. தேவையான இடங்களுக்குப் பொருந்தும் டிஎன்ஏ இழைகளைத் தூண்டில் இரையாகப் போட்டு, மிச்சமிருக்கும் துண்டுகளை மட்டும் பிடித்திழுத்து, அவற்றின் வரிசையைப் படித்தார்கள். முதலில் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ. பின்னர் ஏறத்தாழ 95,000 எஸ்என்பிகள். இத்தனை ஆயிரம் இடங்களைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஓர் எலும்பில் பாதிக்கு மேல் படிக்க முடியாமல் போனாலும் மிச்சம் போதும். மேலும், வீரரின் பெற்றோரோ உடன்பிறந்தோரோ பெரும்பாலும் இன்று உயிரோடு இல்லை; பேரன் பேத்தி முறையிலும் சித்தப்பா மக்கள் முறையிலும் உள்ளவர்களிடம்தான் ஒப்பீட்டு ரத்தம் கிடைக்கிறது. தூரத்து உறவை உறுதிப்படுத்த 20 எஸ்டிஆர் இடங்கள் போதவே போதாது.

முன்னாள் யூகோஸ்லாவியாவில் காணாமல் போனவர்களுக்காக 1996இல் தொடங்கப்பட்ட காணாமல் போனோருக்கான சர்வதேச ஆணையமும் இப்போது ஹேக் நகரிலுள்ள தன் ஆய்வகத்தில் எஸ்என்பிகளைப் பயன்படுத்துகிறது. இலங்கையில் செம்மணி போன்ற புதைகுழிகளில் எலும்புகள் வெளிப்படும்போதெல்லாம் நம்மவர்கள் கேட்பதும் இதே கேள்விதான்: இத்தனை ஆண்டுக்குப் பிறகு சொல்ல முடியுமா? தொழில்நுட்பத்தைப் பொறுத்தவரை முடியும். ஆனால் எலும்பு மட்டும் போதாது. தேடிக்கொண்டிருக்கும் தாய்தந்தையரின், உடன்பிறந்தோரின் மாதிரிகள் அவர்கள் உயிரோடு இருக்கும்போதே சேகரிக்கப்பட்டுப் பாதுகாக்கப்பட வேண்டும். அவர்கள் போய்விட்டால், சிக்கல் எத்தனையோ மடங்காகிவிடும்.

ஓர் இடத்தில் இரண்டே எழுத்து. அதை வைத்து ஒரு தனி மனிதனை எப்படிச் சுட்டிக்காட்ட முடியும்?

ஓர் இடத்தை மட்டும் வைத்து முடியாது. கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். ஓர் இடத்தில் ஏ, ஜி இரண்டும் மக்களிடையே சரிபாதியாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்போது 25 சதவீதம் பேர் ஏஏ, 50 சதவீதம் பேர் ஏஜி, 25 சதவீதம் பேர் ஜிஜி. தொடர்பில்லாத இருவர் தற்செயலாக ஒரே வகையாக அமையும் வாய்ப்பு 0.375. எட்டுப் பேரில் மூன்று பேர் ஒத்துப்போவார்கள். இதை வைத்து யாரையும் பிடிக்க முடியாது.

ஆனால் ஒன்றையொன்று சாராத 10 இடங்களைப் பார்த்தால் அந்த வாய்ப்பு சுமார் 18,000இல் ஒன்றாகிறது. 20 இடங்களில் 33 கோடியில் ஒன்று. 50 இடங்களுக்குப் போனால், 2க்குப் பின் 21 சுழியங்கள் போட்டு வரும் எண்ணில் ஒன்று. ஐரோப்பிய ஆய்வாளர்கள் கூட்டாக உருவாக்கி 2006இல் வெளியிட்ட அடையாளத் தொகுப்பில் 52 எஸ்என்பிகள் இருந்ததற்கு இதுவே காரணம். யேல் பல்கலைக்கழகத்தில் கென்னத் கிட் குழுவினர் உலகின் பல இனக்குழுக்களிலும் இரண்டு எழுத்தும் ஏறக்குறைய சமமாக இருக்கும் இடங்களாகத் தேடித் தேடிப் பொறுக்கினார்கள். எந்த நாட்டு மாதிரி வந்தாலும் கணக்கு கவிழ்ந்துவிடக் கூடாதே.

ஒரு எச்சரிக்கை. மேலே சொன்னது தொடர்பில்லாதவர்களுக்கான கணக்கு. உடன்பிறந்தவர்களிடையே ஓர் இடத்துக்கான 0.375 ஏறத்தாழ 0.59 ஆகிவிடும். ‘குற்றவாளி என் தம்பியாக இருக்கலாம்’ என்று ஒருவர் நீதிமன்றத்தில் சொன்னால் போட வேண்டிய கணக்கே வேறு.

இவ்வளவு வலிமையானது என்றால் எஸ்டிஆரைக் கைவிட்டுவிடலாமே?

விட முடியாது. கோடிஸ் தரவுத்தளத்தில் மட்டும் 2 கோடிக்கு மேற்பட்ட எஸ்டிஆர் விவரங்கள் இருக்கின்றன. மற்ற நாடுகளின் தரவுத்தளங்களும் அப்படியே. குற்ற இடத்து ரத்தத்தில் எஸ்என்பிகளை மட்டும் படித்தால் அந்தக் கோடிக்கணக்கான பதிவுகளோடு நேரடியாக ஒப்பிட வழியில்லை. புதிய முறை எவ்வளவு நல்லதானாலும் பழைய கிடங்கைத் தூக்கி எறிய எந்த நாடும் துணியாது.

இரண்டாவது காரணம் கலப்பு மாதிரி. ஒரு கத்திப்பிடியில் இரண்டு மூன்று பேரின் தொடுகைத் தடயம் இருக்கும். எஸ்டிஆரில் ஓர் இடத்தில் மூன்று நான்கு வெவ்வேறு எண்கள் தெரிந்தால், ஒருவருக்கு மேல் இருக்கிறார்கள் என்று உடனே தெரிந்துவிடும். எஸ்என்பியில் எத்தனை பேர் கலந்தாலும் தெரியப்போவது ஏயும் ஜியும்தான். அது ஏஜி வகை ஒருவரா, ஏஏ ஒருவரும் ஜிஜி ஒருவருமா? எழுத்துகளின் விகிதத்தை வைத்து ஓரளவு யூகிக்கலாம். சாட்சிக் கூண்டில் ஏறிச் சொல்லும் அளவுக்கு அது போதாது. இதற்கு மாற்றாக கிட் குழுவினர் 2013இல் முன்வைத்ததுதான் மைக்ரோஹாப்ளோடைப். 200, 300 எழுத்துக்குள் நெருக்கமாக அமைந்த சில எஸ்என்பிகளை ஒரே துண்டாகச் சேர்த்துப் படித்தால், ஓர் இடத்துக்கே பல வடிவங்கள் கிடைக்கின்றன, கலப்பும் பிரிகிறது. அடுத்த பத்தாண்டில் தடயவியல் ஆய்வகங்களுக்குள் அதிகம் நுழையப்போவது இதுதான் என்பது என் கணிப்பு.

ஆய்வகத்தில் எஸ்என்பியை எப்படிப் படிக்கிறார்கள்?

மூன்று வழிகள். சில பத்து இடங்களுக்கு, எழுத்துக்கு ஒரு நிறமாகச் சாயம் ஒட்டி எஸ்டிஆர் கருவியிலேயே பார்க்கலாம். லட்சக்கணக்கான இடங்களுக்கு நுண்சில்லு இருக்கிறது. அது நல்ல உமிழ்நீர் மாதிரிக்காகச் செய்யப்பட்டது, 200 நானோகிராம் அளவுக்கு டிஎன்ஏ கேட்கும். எஸ்டிஆருக்கு ஒரு நானோகிராமே தாராளம் என்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குற்ற இடத்தில் கிடைப்பது பெரும்பாலும் அந்த ஒரு நானோகிராமுக்கும் கீழே. அதனால்தான் மூன்றாவது வழியான புதிய தலைமுறை வரிசைப்படுத்தல் கருவிகள் இந்தத் துறையில் மேலோங்கி வருகின்றன. எஸ்டிஆரையும் எஸ்என்பியையும் ஒரே ஓட்டத்தில் படிக்கும் தொகுப்புகளும் வந்துவிட்டன.

வேர் இல்லாத தலைமுடியில் டிஎன்ஏ கிடைக்காது என்பார்களே?

நீண்ட காலம் அப்படித்தான் நம்பப்பட்டது. மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ மட்டுமே எடுப்பார்கள். உண்மையில் முடித்தண்டிலும் உட்கரு டிஎன்ஏ இருக்கிறது. ஆனால் பொடிப்பொடியாக இருக்கிறது. தொல்லுயிர்களின் டிஎன்ஏவைப் படித்துப் பழகிய கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் ஆய்வாளர் எட் கிரீன், அதே உத்தியை முடிக்குப் பயன்படுத்தினார். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துப் பேர் புரூக் பூங்காவில் பீப்பாய்களில் கண்டெடுக்கப்பட்ட உடல்களில் மூன்றின் பெயர்கள் 2019இல் தெரியவந்ததில் இந்த முறைக்குப் பங்கு உண்டு.

டிஎன்ஏவை வைத்துக் குற்றவாளியின் முகத்தையே வரைந்துவிட முடியுமாமே?

முகத்தை வரைய முடியாது. கண்ணின் நிறத்தையும் முடியின் நிறத்தையும் ஓரளவு சொல்ல முடியும். 15ஆவது குரோமோசோமில் ஹெர்க்2 மரபணுவுக்குள் ஓர் எழுத்து இருக்கிறது. இரு பிரதியிலும் ஜி இருந்தால் நீலக்கண் அமைய வாய்ப்பு மிக அதிகம். ஏ இருந்தால் பழுப்பு. இப்படிப்பட்ட 41 இடங்களைச் சேர்த்துக் கண், முடி, தோல் மூன்றின் நிறத்தையும் கணிக்கும் ஹைரிஸ்பிளெக்ஸ்-எஸ் என்ற தொகுப்பை மான்ஃபிரெட் கைசர், சூசன் வால்ஷ் ஆகியோரின் குழுக்கள் உருவாக்கின. லெஸ்டர் நகர வாகன நிறுத்துமிடத்தில் 2012இல் தோண்டி எடுக்கப்பட்ட மூன்றாம் ரிச்சர்ட் மன்னரின் எலும்பைச் சோதித்தபோது, நீலக்கண்ணாக இருக்க 96 சதவீத வாய்ப்பு, சிறுவயதிலாவது பொன்னிற முடியாக இருக்க 77 சதவீத வாய்ப்பு என்று 2014இல் அறிவித்தார்கள்.

இதை நம் ஊருக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? ‘பழுப்புக் கண், கறுப்பு முடி’ என்று அறிக்கை வரும். சென்னை சென்ட்ரலில் ஒரு கூட்டத்தைக் கைகாட்டியது போலத்தான். தோல் நிறத்தில் மட்டும் தெற்காசியர்களிடையே மரபணு வேறுபாடு கொஞ்சம் அதிகம் என்பதால் சிறிது தகவல் கிடைக்கலாம். அதைக் காவல் நிலையத்தில் எப்படிப் பயன்படுத்துவார்கள் என்று நினைத்தால் எனக்குக் கொஞ்சம் நடுக்கமாகவே இருக்கிறது. கனடாவின் எட்மண்டன் காவல்துறை 2022 அக்டோபரில் இவ்வாறு கணினி வரைந்த ஒரு கறுப்பின முகத்தை வெளியிட்டது. கண்டனம் எழுந்ததும் படத்தை நீக்கி வருத்தம் தெரிவித்தது. அந்த ஜாடையில் ஆயிரக்கணக்கானோர் இருப்பார்கள், அவர்கள் அனைவரும் சந்தேகத்துக்குள்ளாவார்கள் என்பது படத்தை வெளியிடும் முன்பே தோன்றியிருக்க வேண்டிய விஷயம்.

எதிர்த்திசையில் நடந்த கதையும் உண்டு. 1999இல் நெதர்லாந்தின் பிரீஸ்லாந்து மாகாணத்தில் 16 வயதுப் பெண் ஒருத்தி கொல்லப்பட்டாள். அருகிலிருந்த அகதி முகாம்காரர்கள்தான் செய்திருப்பார்கள் என்று ஊர் கொதித்தது. தடயத்தின் ஒய் குரோமோசோம் அடையாளங்களோ வடமேற்கு ஐரோப்பியர் பக்கம் கைகாட்டின. இந்த வழக்கின் விளைவாகவே 2003இல் அந்நாடு இத்தகைய கணிப்புகளுக்குச் சட்டம் இயற்றியது. 2012இல் சுற்றுவட்டார ஆண்கள் ஆயிரக்கணக்கானோர் தாமாக முன்வந்து மாதிரி கொடுத்தபோது சிக்கியவர் உள்ளூர் விவசாயி ஒருவர்.

வம்சாவளி இணையதளத்தின் உதவியால் கொலையாளியைப் பிடித்தது இந்த முறையில்தானா?

ஆம். எஸ்என்பியை உலகத்துக்கு அறிமுகப்படுத்தியதே அந்த வழக்குதான். 1970களிலும் 80களிலும் கலிபோர்னியாவை நடுங்க வைத்த ‘கோல்டன் ஸ்டேட் கில்லர்’ 13 கொலைகளையும் 50க்கு மேற்பட்ட பாலியல் வன்முறைகளையும் செய்தவன். அவனுடைய எஸ்டிஆர் விவரம் காவல்துறையிடம் இருந்தது. எந்தத் தரவுத்தளத்திலும் பொருந்தவில்லை. பாதுகாத்து வைத்திருந்த பழைய மாதிரியிலிருந்து லட்சக்கணக்கான எஸ்என்பிகளைப் படித்து, ஜெட்மேட்ச் என்ற பொதுத் தளத்தில் ஏற்றினார்கள். தங்கள் பூர்விகம் தேடுபவர்கள் தாமாகவே தங்கள் டிஎன்ஏ கோப்புகளை ஏற்றி வைக்கும் தளம் அது. தூரத்து உறவினர்கள் சிலர் கிடைத்தார்கள். அவர்களுடைய முப்பாட்டன் தலைமுறை வரை போய்க் குடும்ப மரம் வரைந்து, அங்கிருந்து கிளை கிளையாகக் கீழே இறங்கி வந்தார்கள். வயது, ஊர், பாலினம் என்று வடிகட்டியதில் மிஞ்சியவர் முன்னாள் காவலரான 72 வயது ஜோசப் ஜேம்ஸ் டி ஆஞ்சலோ. அவருடைய கார்க் கதவின் பிடியிலிருந்தும் குப்பையில் போட்ட காகிதக் கைக்குட்டையிலிருந்தும் எடுத்த மாதிரி பொருந்திய பிறகே 2018 ஏப்ரல் 24 அன்று கைது. 2020இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார், ஆயுள் தண்டனை.

எஸ்என்பி இங்கே ஆளைக் காட்டவில்லை, திசையைத்தான் காட்டியது. உறுதி செய்தது பழைய எஸ்டிஆர். இன்றும் அமெரிக்க நீதித்துறையின் வழிகாட்டுதல் அதையே சொல்கிறது: வம்சாவளித் தேடலில் கிடைத்த பெயரை மட்டும் நம்பிக் கைது செய்யக் கூடாது.

நம் குடும்பங்களில் இந்த வம்சாவளிக் கணக்கு சரியாக வருமா?

அப்படியே எடுத்துப் பொருத்தினால் வராது. இந்த மென்பொருள்கள் எல்லாம் தொடர்பில்லாத இருவர் மணந்துகொள்ளும் சமூகத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. தாய்மாமன் அக்கா மகளை மணந்துகொள்ளும் குடும்பத்தைப் பாருங்கள். பிறக்கும் குழந்தைக்கு அம்மாவின் அம்மா யார்? பாட்டி. அவரே அப்பாவின் அக்காவும் ஆதலால் அத்தையும் கூட. பாட்டி வழியில் கால் பங்கு, அத்தை வழியில் கால் பங்கு. இரண்டும் சேர்ந்து, அந்தப் பாட்டிக்கும் குழந்தைக்குமான மரபு நெருக்கம் தாய்க்கும் சேய்க்குமான அளவுக்கே வந்துவிடும். மொத்த அளவை மட்டும் பார்க்கும் கணக்கு இங்கே தடுமாறும். துண்டுகள் எப்படிப் பரவியிருக்கின்றன, ஒரே இடத்தில் இரு பிரதிகளும் ஒத்திருக்கின்றனவா என்று நுணுகிப் பார்த்தால்தான் உண்மை விளங்கும்.

அத்தை மகன், மாமன் மகள் திருமணங்கள் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தாலும், ஒரே சாதிக்குள் நூற்றாண்டுகளாகப் பெண் கொடுத்துப் பெண் எடுத்தாலும் இதே கதைதான். பல தலைமுறை தள்ளியிருப்பவர்கள் உண்மையைவிட நெருங்கிய உறவினர்கள்போல் தெரிவார்கள். ஆகவே நம் மக்களுக்கான எழுத்து விகிதங்களும் உறவுக் கணக்குகளும் நம் மக்களிடமிருந்தே எடுக்கப்பட வேண்டும். சுமார் 10,000 இந்தியர்களின் முழு மரபணுத் தொகுதியைப் படித்த ஜீனோம் இந்தியா திட்டத்தின் தரவுகள் 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டது இந்த வகையில் நல்ல தொடக்கம்.

தந்தை யார் என்ற வழக்குகளில் இது உதவுமா?

உதவும், குறிப்பாக ஓர் இடம் மட்டும் பொருந்தாமல் இழுபறியாகும்போது. எஸ்டிஆர் எண்ணிக்கை ஓர் இடத்தில் ஏறத்தாழ ஆயிரம் பிறப்புக்கு ஒருமுறை மாறக்கூடியது. 20 இடங்களைப் பார்த்தால், உண்மையான தந்தைக்கே எங்கேனும் ஓர் இடம் பொருந்தாமல் போகலாம். எஸ்என்பி ஒரு தலைமுறையில் மாறும் வாய்ப்பு சுமார் 10 கோடியில் ஒன்று.

ஒரே உருவ இரட்டையர்களைப் பிரித்துச் சொல்லுமா?

வழக்கமான தொகுப்புகள் சொல்லாது. முழு மரபணுத் தொகுதியையும் மிக ஆழமாகப் படித்தால், கரு பிரிந்தபின் ஏற்பட்ட ஓரிரு எழுத்து மாற்றங்கள் தென்படலாம். 2014இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் ஓர் இரட்டையரைச் சோதித்து, தந்தையானவரிடமும் அவர் குழந்தையிடமும் இருந்து, மற்ற இரட்டையரிடம் இல்லாத ஐந்து மாற்றங்களைக் காட்டினார்கள். செலவு அதிகம், எல்லா இரட்டையருக்கும் கிடைக்கும் என்றும் சொல்ல முடியாது.

எஸ்என்பியில் என் நோய் விவரமும் தெரிந்துவிடுமா?

அடையாளத்துக்கென்று பொறுக்கிய 50, 100 இடங்களில் அநேகமாகத் தெரியாது. அப்படித் தெரியாத இடங்களாகப் பார்த்துத்தான் எடுத்திருக்கிறார்கள். லட்சக்கணக்கான இடங்களைப் படித்த கோப்பு வேறு ரகம். அதில் நோய்க்கான வாய்ப்பு, பூர்விகம், உங்களுக்கே தெரியாத உறவுகள் எல்லாம் அடங்கியிருக்கும். ஒரு கோப்பில் எஸ்டிஆர், இன்னொன்றில் எஸ்என்பி மட்டும் இருந்தாலும், அருகருகே உள்ள இடங்கள் சேர்ந்தே கடத்தப்படுவதை வைத்து இரண்டும் ஒரே ஆளுடையவை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம் என்று 2017இல் ஓர் ஆய்வு காட்டியது. ‘காவல்துறைத் தரவுத்தளத்தில் இருப்பது வெறும் எண்தான்’ என்ற பழைய சமாதானம் அதோடு வலுவிழந்துவிட்டது.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

எஸ்என்பிக்கென்று தனிச் சட்டம் இல்லை. 2019இல் மக்களவையில் அறிமுகமான டிஎன்ஏ தொழில்நுட்ப ஒழுங்குமுறை மசோதா 2023 ஜூலையில் திரும்பப் பெறப்பட்டது. 2022ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம் உயிரியல் மாதிரிகளையும் அவற்றின் பகுப்பாய்வையும் ‘அளவீடு’ என்ற சொல்லுக்குள் அடக்கி, பதிவுகளை 75 ஆண்டு வைத்திருக்க வழிசெய்கிறது. மாதிரியில் எந்த இடத்தைப் படிக்கலாம், எதைப் படிக்கக் கூடாது என்ற வரையறை அதில் இல்லை. ஜெர்மனி 2019இல் கண், முடி, தோல் நிறம், வயது ஆகியவற்றுக்கு மட்டும் அனுமதி தந்து, பூர்விகத்தைக் கணிப்பதை வெளியே நிறுத்தியது. அத்தகைய கோடு கிழிக்கும் வேலை இங்கே இன்னும் தொடங்கவே இல்லை.

நீதிமன்றத்தில் எது எடுபடும்?

எந்த முறையானாலும், மாதிரி எடுத்த இடத்திலிருந்து ஆய்வகம் வரை அது யார் யார் கையில் இருந்தது என்பது முதல் கேள்வி. தேனி மாவட்டம் சுருளி அருவி அருகே 2011இல் நடந்த இரட்டைக் கொலை வழக்கில் மரண தண்டனை பெற்றவரை உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் விடுவித்தது. டிஎன்ஏ மாதிரிகளைக் கையாண்டதில் இருந்த ஓட்டைகள் அதற்கு முக்கியக் காரணம். மாதிரி 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தைச் சேர வேண்டும், கைமாறும் ஒவ்வொரு கட்டமும் பதிவேட்டில் ஏற வேண்டும் என்றெல்லாம் நாடு முழுமைக்கும் அந்தத் தீர்ப்பு நெறிமுறை வகுத்தது. 95,000 எஸ்என்பிகளைப் படிக்கும் கருவி வந்தாலும், உறையின் மேல் முத்திரையும் தேதியும் இல்லையென்றால் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அது ஒன்றே போதும்.

பூர்விகம் பார்க்க உமிழ்நீர் அனுப்பினால் அது காவல்துறைக்குப் போகுமா?

நிறுவனத்தைப் பொறுத்தது. 23அண்ட்மீ, ஆன்செஸ்ட்ரி போன்றவை நீதிமன்ற உத்தரவு இல்லாமல் தர மாட்டோம் என்கின்றன. ஃபேமிலிட்ரீடிஎன்ஏவும் ஜெட்மேட்சும் காவல்துறைத் தேடலுக்கு இடம் தருகின்றன. ஜெட்மேட்ச் 2019 மே மாதத்திலிருந்து சம்மதித்தவர்களுக்கு மட்டும். உங்கள் சம்மதம் மட்டுமே கணக்கு என்றும் நினைக்க வேண்டாம். ஐரோப்பிய வம்சாவளி அமெரிக்கர்களில் சுமார் 60 சதவீதம் பேரை, அவர்கள் சோதனையே செய்துகொள்ளாவிட்டாலும், மூன்று விட்ட பங்காளி அல்லது அதைவிட நெருங்கிய உறவினர் வழியாக எட்டிவிடலாம் என்று 2018இல் யானிவ் எர்லிக் குழுவினர் கணக்கிட்டார்கள். நிறுவனங்களும் நிலையானவை அல்ல. 23அண்ட்மீயில் 2023இல் 69 லட்சம் பேரின் விவரங்கள் கசிந்தன. 2025 மார்ச்சில் அது திவால் பாதுகாப்பு கோரியது. ஏற்கெனவே அனுப்பியிருப்பவர்கள் கணக்கை நீக்கி, மாதிரியை அழிக்கும்படியும் கேட்கலாம். கோப்பைப் பதிவிறக்கி வேறு தளத்தில் ஏற்றியிருந்தால் அங்கேயும் தனியாக நீக்க வேண்டும்.